வீட்டைத் தாங்குகிற செங்கல் காரைத் தாங்காதா?

"சார், செங்கல் வீட்டையே தாங்குது. காரைத் தாங்காதா?"

அடுக்ககங்களின் கார் நிறுத்தத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இந்தக் கேள்வி எனக்குக் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. ஆயில் மாற்றுகிறேன், சைலன்சர் கிளாம்ப்பை முடுக்குகிறேன் என்று காரை ஜாக்கியில் தூக்கி, அடியில் இரண்டு செங்கல்லையோ ஒரு ஹாலோ பிளாக்கையோ சொருகிவிட்டு, தலையை உள்ளே விட்டுப் படுத்துக்கொள்கிறார்கள். கேட்டால் மேற்படி பதில். சொல்கிறவர்களில் பாதிப் பேர் பொறியியல் படித்தவர்கள் என்பதுதான் எரிச்சல். அவர்களில் ஒருவர் கணக்கே போட்டுக் காட்டினார்: கடைசி வகுப்புச் செங்கல்லுக்கே சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டன் தாங்குதிறன், 230-க்கு 110 மில்லிமீட்டர் பரப்பு, பெருக்கினால் ஒன்பது டன். அவருடைய கார் ஒரு டன்கூட வராது.

பெருக்கல் சரி. அந்த 3.5 எப்படி வந்தது என்று அவர் யோசிக்கவில்லை. கட்டுமானப் பொருள் பரிசோதனைக்கூடத்தில் செங்கல் உடைப்பது என் பிழைப்பு, அதனால் சொல்கிறேன். ஐ.எஸ். 3495 விதிப்படி செங்கல்லை ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, சூளைக்காரர் முத்திரை குத்திய பள்ளத்தைச் சிமென்ட் கலவையால் நிரப்பிச் சமமாக்கி, ஈரச் சாக்கில் மூடி, மறுபடி மூன்று நாள் தண்ணீரில் வைத்து, பிறகுதான் எந்திரத்தில் ஏற்றுவோம். மேலே ஒன்று கீழே ஒன்று என 3 மில்லிமீட்டர் பிளைவுட் தகடுகள் வைப்போம். எதற்கு? சுமை செங்கல்லின் முழு முகத்திலும் ஒரே சீராக இறங்க வேண்டும் என்பதற்கு. சுவரில் அந்த வேலையைக் கலவை செய்கிறது. கொத்தனார் ஒவ்வொரு வரிக்கும் கலவை விரித்துத்தான் செங்கல் வைக்கிறார்.

காரின் அடியில் என்ன நடக்கிறது? கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பு, இரண்டு மூன்று தகடுகளைச் சேர்த்துப் பற்றவைத்தது, 3 மில்லிமீட்டர் தடிமன் இருக்கலாம். 900 கிலோ காரில் எஞ்சின் முன்னால் இருப்பதால் முன்பக்க மூலை ஒன்றில் சுமார் 270 கிலோ இறங்கும். அந்த விளிம்பு பத்து சென்டிமீட்டர் நீளத்துக்குச் செங்கல்லில் படிகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். சதுர மில்லிமீட்டருக்கு கிட்டத்தட்ட 9 நியூட்டன். நண்பர் சொன்ன 3.5-ஐப் போல இரண்டரை மடங்கு. உண்மையில் செங்கல் மேடுபள்ளமானது, படிவது இரண்டு மூன்று புள்ளிகளில்தான்.

இதற்கு ஆய்வுக்கூடமே வேண்டாம். கொத்தனாருக்கு அரைச் செங்கல் தேவைப்பட்டால் என்ன செய்கிறார்? இடது கையில் ஏந்திக்கொண்டு கரண்டி விளிம்பால் ஒரு தட்டு. இரண்டு துண்டு. ஒன்பது டன் தாங்கும் அதே செங்கல். கார் விளிம்பு அந்தக் கரண்டியின் வேலையைத்தான் செய்யும், நீங்கள் ஸ்பேனரை இழுக்கும் ஒவ்வொரு இழுப்பிலும்.

ஹாலோ பிளாக் இன்னும் மோசம். அது ஓட்டை மேலும் கீழுமாக நிற்கும்போது தாங்கவே வார்க்கப்பட்டது. நம்மவர்கள் உயரம் பார்த்துப் படுக்கவைக்கிறார்கள். அப்போது மொத்தச் சுமையும் ஓட்டைக்கு மேலுள்ள மெல்லிய சுவரை வளைக்கப் பார்க்கும். கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்குகிற பலத்தில் பத்தில் ஒரு பங்குதான் இழுவைக்குத் தாங்கும். இரும்பு வளையும், மரம் நசுங்கி முனகும். செங்கல்லும் பிளாக்கும் உடைகிற நொடி வரை ஒழுங்காக நிற்கும், பிறகு இருக்காது. எங்கள் எந்திரத்தைச் சுற்றிக் கம்பி வலை போட்டிருப்பது அழகுக்காக அல்ல. அதனால் ஒன்றுமே கிடைக்காவிட்டால் தடித்த மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள் என்பேன். மீட்புப் படையினரும் மரத்தைத்தான் அடுக்குகிறார்கள். செங்கல் வேண்டவே வேண்டாம்.

மற்றவற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம்.

"கம்பெனி கொடுத்த ஜாக்கி இருக்கே." அது ஸ்டெப்னி மாற்ற. வண்டியோடு வந்த கையேட்டைப் புரட்டுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதே என்று எழுதியிருக்கும். இரண்டு டன் ஹைட்ராலிக் ஜாக்கி என்றாலும் அதேதான். இரண்டு டன் என்பது அது தூக்குகிற கணக்கு. தூக்கிய பிறகு கார் நிற்பது உள்ளே இருக்கும் ஒரு ரப்பர் சீலின் தயவில். தூக்க ஜாக்கி, தாங்க ஜாக் ஸ்டாண்டு.

"ஹேண்ட் பிரேக் போட்டாச்சு, கியரும் போட்டாச்சு." பெரும்பாலான சிறிய கார்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டும் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அது பிடிப்பது காற்றை. கியர்? முன்சக்கரம் ஓடும் காரில் ஒரு முன்சக்கரம் தரையை விட்டு எழும்பினால், டிஃபரன்ஷியல் அந்தச் சக்கரத்தைச் சுற்றவிட்டு மற்றதை உருளவிடும். தரையில் நிற்கிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். மேட்டில் நின்றதும் கட்டையோடு குதிக்கிற லாரி கிளீனருக்குத் தெரிந்தது இது.

"கழற்றின டயரை அடியில் போட்டிருக்கேன்." நல்லது. ஸ்டாண்டுக்குக் கூடுதலாக.

"எங்கே கொடுத்தாலும் தூக்கும்." தூக்கும், ஆயில் சம்ப்பைப் பிளந்துகொண்டு. விளிம்பில் வெட்டுக் குறி போட்டிருப்பார்கள், அங்கே கொடுங்கள். மின்சாரக் கார் என்றால் தளத்துக்கு அடியில் பேட்டரி கிடக்கிறது, தப்பான இடத்தில் ஜாக்கி கொடுத்தால் செலவு சம்ப்போடு நிற்காது.

"ஸ்டாண்டில் நிற்கிற காரை ஆட்டக் கூடாது." ஆட்ட வேண்டும். அடியில் போவதற்கு முன் பக்கவாட்டில் நன்றாக ஒரு உலுக்கு. விழுவதானால் நீங்கள் வெளியே நிற்கும்போது விழட்டும்.

ஸ்டாண்டையும் கண்ணை மூடி வாங்க வேண்டாம். 2020-ல் அமெரிக்காவில் ஹார்பர் ஃப்ரெய்ட் நிறுவனம், கொக்கி பல்லில் சரியாகப் பதியாமல் சரியக்கூடும் என்று தான் விற்ற 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது. குறுக்கே இரும்பு முள் செருகும் வகை எனக்குப் பிடிக்கும். செருகியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடலாம்.

இவ்வளவு செய்தும் ஸ்டாண்டு சாயலாம், ஏனென்றால் தரை. சித்திரை வெயிலில் இளகிய தாரில் ஸ்டாண்டின் கால் இறங்கும். அடுக்ககங்களிலோ பேவர் பிளாக். அதற்கு ஐ.எஸ். 15658 என்று ஒரு தரம் இருக்கிறது. கார் போகிற இடத்துக்கு 60 மில்லிமீட்டர் தடிமன், எம்-35 தரம். பல இடங்களில் பதித்திருப்பது நடைபாதைக்கான 50 மில்லிமீட்டர், அதுவும் சரியாகத் திமிசு போடாத மணலின் மேல். மழைக்குப் பிறகு ஒரு மூலையை மிதித்தால் மறு மூலை எழும்புகிறது. அதன் மேல் ஸ்டாண்டு வைக்கிறவர்கள் அடியில் 18 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டு போட்டுக்கொள்ளட்டும். சங்கக் கூட்டத்தில் தண்ணீர் லாரிக் கணக்கை இரண்டு மணி நேரம் பேசுகிறீர்கள். பேவர் பிளாக்கின் பரிசோதனை அறிக்கை எங்கே என்று பில்டரிடம் ஒரு வரி கேளுங்கள். வாய்மொழியாக வேண்டாம், கடிதமாக. இல்லை என்றால் நாலு கல்லைப் பெயர்த்து ஏதாவதொரு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள்.