"லைசென்ஸ் இருக்குடா, அப்புறம் என்ன பயம்?"

போன மாசம் எங்க கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு போஸ்டர் வந்துச்சு. "ஆறே மாசத்துல ஃபுல் ஸ்டாக் டெவலப்பர். வேலை கிடைச்சப்புறம் ஃபீஸ் கட்டினா போதும். 100 சதவீத பிளேஸ்மென்ட்." கீழே வரிசையா நாலு முத்திரை. என் ரூம்மேட் ஃபைனல் இயர், கையில இன்னும் ஆஃபர் இல்ல. அட்வான்ஸ் கட்ட போனை எடுத்துட்டான். "யோசிடா"ன்னேன். "அரசுப் பதிவு பெற்றதுன்னு போட்டிருக்கே, அப்புறம் என்ன பயம்?"னு கேட்டான்.

எனக்குப் பதில் தெரியல. தேடிப் படிச்சேன். படிச்சதை உங்ககிட்டயும் சொல்லிடறேன்.

மூணு வாசல்

தனியார் தொழிற்பயிற்சிப் பள்ளிகளை ஒரு அரசு எப்படிக் கட்டுப்படுத்த முடியும்னு புரிஞ்சுக்க அமெரிக்காவின் கலிஃபோர்னியா நல்ல பாடம். கோடிங் பூட்கேம்ப் வியாபாரம் பெருசா வளர்ந்த இடங்கள்ல அதுவும் ஒண்ணு.

அமெரிக்காவுல ஒரு பயிற்சிப் பள்ளிக்கு மூணு வாசல் உண்டு. முதலாவது, மாநில அரசின் லைசென்ஸ். இரண்டாவது, அரசு சாராத அமைப்புகள் தரும் தர அங்கீகாரம். மூன்றாவது, மத்திய கல்வித் துறை. மாணவர்களுக்கு மத்திய அரசின் கல்விக் கடன் கிடைக்கணும்னா இந்த மூணையும் தாண்டணும். அந்தக் கடனே வேண்டாம், மாணவர்கிட்ட நேரா வசூல் பண்ணிக்கிறேன்னு சொல்ற பள்ளிக்குப் பின்னாடி ரெண்டு வாசலும் தேவையில்லை. பெரும்பாலான பூட்கேம்ப் இந்த வகைதான். அங்க மாணவனுக்கு மிச்சம் இருக்கிற காவல் மாநில லைசென்ஸ் மட்டும்தான்.

கலிஃபோர்னியாவில் பழைய சட்டம் 2007 நடுவுல காலாவதி ஆயிடுச்சு. ரெண்டரை வருஷம் கண்காணிக்க ஆளில்லை. 2009-ல் புதுச் சட்டம் வந்து, 2010 ஜனவரி முதல் தனியார் உயர்கல்விப் பணியகம் வேலையைத் தொடங்கியது. இந்தப் பணியகம் கல்வித் துறைக்குக் கீழ இல்லை, நுகர்வோர் விவகாரத் துறைக்குக் கீழ இருக்கு! காசு கொடுத்து வாங்குற பொருள் மாதிரியே இதையும் சட்டம் பார்க்குது.

லைசென்ஸ் வாங்கினவங்க என்ன செய்யணும்?

1. கையெழுத்து வாங்குறதுக்கு முன்னாடியே ஒரு தகவல் தாளைக் கொடுக்கணும். எத்தனை பேர் முடிச்சாங்க, எத்தனை பேருக்கு அந்தத் துறையில வேலை கிடைச்சது, சம்பளம் எவ்வளவு, எல்லாம் அதுல இருக்கணும்.

2. முதல் வகுப்பு முடியற வரைக்கும், அல்லது சேர்ந்து ஏழு நாள் வரைக்கும், இதுல எது பிந்தியதோ அதுவரை மாணவர் விலகிக்கலாம். பதிவுக் கட்டணமா அதிகபட்சம் 250 டாலர் பிடிச்சுக்கிட்டு மீதியைத் திருப்பித் தரணும்.

3. பயிற்சிக் காலத்துல 60 சதவீதமோ அதுக்குக் குறைவோ முடிச்சிருந்தா, விகிதப்படி பணம் திரும்ப வரும். 24 வார கோர்ஸ், ஃபீஸ் 12,000 டாலர்னு வச்சுக்குவோம். 6 வாரத்துல நின்னா முடிஞ்சது கால் பங்கு. 9,000 டாலர் திரும்ப வரும். 15-ஆவது வாரத்துல நின்னா 62.5 சதவீதம் தாண்டியாச்சு. அப்போ சட்டம் கை கொடுக்காது.

4. பள்ளி திடீர்னு மூடினா இழப்பீடு தர மாநிலத்துல ஒரு நிதி இருக்கு.

2014 ஜனவரியில், லைசென்ஸ் இல்லாம நடந்த பல பூட்கேம்ப்களுக்குப் பணியகம் கடிதம் அனுப்பியது. முறைப்படி வாங்க, இல்லைன்னா 50,000 டாலர் வரை அபராதம்னு சொல்லுச்சு. "நாங்க ஸ்டார்ட்அப், எங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?"னு புலம்பல் கேட்டுச்சு. ஆனா பலரும் லைசென்ஸுக்கு வழி தேடினாங்க.

லைசென்ஸ் எங்க தோத்துப் போகுது?

கொரிந்தியன் காலேஜஸ்னு ஒரு பெரிய நிறுவனம். லைசென்ஸ், அங்கீகாரம், மத்திய அரசுக் கடன், எல்லாம் இருந்தது. ஆனா வேலைவாய்ப்பு எண்ணிக்கையை ஊதிப் பெருக்கினதா 2013-ல் கலிஃபோர்னியா அரசே வழக்கு போட்டது. ஒரு நாள் வேலை, இன்னொரு நாளுக்கு வாக்குறுதி, அவ்வளவு இருந்தாலே "வேலை கிடைச்சது"னு கணக்கு எழுதினாங்கன்னு மத்திய நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2014-ல் குற்றம் சாட்டியது. 2015 ஏப்ரலில் மிச்சமிருந்த கிளைகளை மூடினாங்க. சுமார் 16,000 மாணவர்கள் நடுத்தெருவுல. அங்க படிச்ச 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனைத் தள்ளுபடி செய்யறதா அரசு அறிவிச்சது 2022-ல்தான்.

இன்னொண்ணு லாம்ப்டா ஸ்கூல். பின்னாடி ப்ளூம்டெக்னு பேர் மாத்திக்கிட்டாங்க. "வேலை கிடைச்சப்புறம் கட்டு" மாடலைப் பிரபலமாக்கினவங்க. லைசென்ஸ் இல்லாம நடத்தினதுக்கு 2019-ல் 75,000 டாலர் அபராதம். 2020-ல் அனுமதி கிடைச்சது. 2024-ல் அதே மத்திய அமைப்பு நடவடிக்கை எடுத்தது. விளம்பரத்துல 71 முதல் 86 சதவீதம் பிளேஸ்மென்ட், உள்கணக்குல 50 சதவீதத்துக்குப் பக்கம்னு அது சொல்லுச்சு. ஒரு பேட்ச்ல 100 சதவீதம்னு பெருமையா போட்டாங்களே, அந்தக் கணக்குல இருந்தது ஒரே ஒரு மாணவர்! "இது கடனே இல்ல"ன்னு சொல்லிக் கையெழுத்து வாங்கினது கடன்தான்னும் அந்த அமைப்பு முடிவு செஞ்சது.

பின்னத்தின் கீழ்ப்பகுதியைப் பாருங்க

100 பேர் சேர்றாங்க. 60 பேர் முடிக்கிறாங்க. அதுல "வேலை தேடுறவங்க" 40 பேர்னு நிறுவனம் எழுதுது. 30 பேருக்கு வேலை. போஸ்டர்ல 30/40, அதாவது 75 சதவீதம். சேர்ந்தவன் கண்ணோட்டத்துல 30/100. பொய் எதுவும் சொல்லல, ஆனா வகுக்கும் எண் மாறிடுச்சு. கலிஃபோர்னியா விதியிலயும் படிப்பை முடிச்சு, வேலைக்குத் தயாரா இருக்கிறவங்களை வச்சுத்தான் வேலைவாய்ப்புக் கணக்கு. அதனாலதான் எத்தனை பேர் முடிச்சாங்கன்னும் சேர்த்துக் கேட்கிறாங்க. ரெண்டையும் சேர்த்துப் படிச்சாதான் உண்மை தெரியும்.

நம்ம ஊர் போஸ்டருக்கு வருவோம்

ஜி.எஸ்.டி. எண் வரிக்கானது. உத்யம் பதிவு சிறுதொழிலுக்கானது. இது ரெண்டும் பாடத்தின் தரத்துக்குச் சான்று இல்லை. ஐ.எஸ்.ஓ. அமைப்பு யாருக்கும் நேரடியா சான்றிதழ் தர்றதே இல்லை, வேற நிறுவனங்கள்தான் தருது. 2024 நவம்பரில் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணைய வழிகாட்டுதல்கள், கோச்சிங் விளம்பரங்கள்ல வேலை உத்தரவாதம் பத்திப் பொய் சொல்றதைத் தடை செய்யுது. புகாருக்கு 1915.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க, பதிலை எழுத்துல வாங்குங்க:

- போன பேட்ச்ல சேர்ந்தவங்க எத்தனை, முடிச்சவங்க எத்தனை, வேலை கிடைச்சவங்க எத்தனை?
- எந்த வேலை, எத்தனை மாசம் நிலைச்சது?
- பாதியில நின்னா எவ்வளவு திரும்ப வரும்?
- நான் கையெழுத்துப் போடறது உங்ககூடவா, கடன் கொடுக்கிற நிதி நிறுவனத்துக்கூடவா? கடன்னா, நான் நின்னாலும் தவணை நிக்குமா?

ரூம்மேட் இந்த நாலையும் அப்படியே டைப் பண்ணி அனுப்பினான். பத்து நிமிஷத்துல பதில் வந்துச்சு: "இன்னிக்குக் கடைசி நாள் சார், ரெண்டு சீட்தான் இருக்கு."

நாலு கேள்வியில ஒண்ணுக்குக்கூட அது பதில் இல்ல. அவன் போனைக் கீழ வச்சுட்டான்.