அப்பர்வத்தில் தாராளமாகக் கத்தலாம்

அன்புள்ள கதிர்,

குல்மார்கில் பயிற்சி முடிந்ததும், காவலுள்ள தடங்களைத் தாண்டி அப்பர்வத் மலையில் சறுக்கப் போவதாக எழுதியிருந்தாய். "சத்தம் போடாமல் போனால் பனிச்சரிவு வராதுதானே ஐயா?" என்றும் கேட்டிருந்தாய். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. சினிமாக்காரர்கள் பரப்பிவிட்ட கதை அது. தொண்டை கிழியக் கத்தினாலும் பனியில் விழும் அழுத்தம் அற்பம். உன் ஒருவன் எடை அதைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு. பனிச்சரிவில் சிக்கும் சறுக்காளர்களில் பெரும்பாலோர் விஷயத்தில் அதைக் கிளப்பிவிட்டது அவர்களோ, கூட வந்தவர்களோதான்.

புதைந்தவரைத் தேடும் டிரான்ஸீவர், மண்வெட்டி பற்றியெல்லாம் உனக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நான் சொல்ல வருவது மெல்லிய பனியைப் பற்றி. நவம்பரில் விழும் ஓரடிப் பனியை யாரும் மதிப்பதில்லை. என் கணக்கில் முதல் குற்றவாளி அதுதான். தரையை ஒட்டிய பனி ஏறக்குறைய 0 டிகிரியில் இருக்கும். தெளிந்த இரவில் மேற்பரப்பு மைனஸ் 15க்கு இறங்கும். இரண்டு மீட்டர் பனியானால் இந்த வித்தியாசம் பரவிக் கரைந்துவிடும். 30 செ.மீ.யில் எங்கே போகும்? 10 செ.மீ.க்கு 1 டிகிரியைத் தாண்டினாலே நீராவி கீழிருந்து ஏறித் துகள்களைப் பட்டை பட்டையாகத் திருப்பி வளர்க்கும். இங்கே 5 டிகிரி! சில வாரங்களில் அடிப்பனி சர்க்கரையாக உதிரும், பிடித்தால் உருண்டை சேராது. ஜனவரியில் மேற்கத்திய இடையூறு என்னும் பனிப்புயல் வந்து அதன்மேல் ஒரு மீட்டர் கொட்டினால், புதுப்பனி இறுகிப் பாளமாகும். அடியில் பிடிமானம் ஏது?

1936இல் ஜப்பானின் ஹொக்கைடோவில் இயற்பியலாளர் நாகாயா உகிச்சிரோ முதல் செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்தார். அவரை எல்லோரும் கொண்டாடுகிறார்கள், நானும் விரும்பிப் படித்திருக்கிறேன். அந்தக் காலத்திலேயே சுவிட்சர்லாந்தில் டாவோஸுக்கு மேலே, வைஸ்ஃப்ளூயோக்கில், விழுந்த பனி அப்புறம் என்ன ஆகிறது என்று சிலர் தோண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடிப்பனி சர்க்கரையாவது போல அவர்கள் கண்டதுதான் உனக்கு வேண்டியது.

பாறை தலைகாட்டும் இடம் பத்திரம் என்று ஒதுங்குவாய். ஒதுங்காதே. அங்கேதான் பாளம் மெலிந்து, உன் எடை அடியடுக்கை எட்டும். சரிவுக்கோணத்தைக் கண்மதிப்பில் சொல்லாதே, அளந்து பார்; 30க்கும் 45க்கும் இடைப்பட்டதுதான் ஆபத்து. காலடியில் "வும்ப்" என்று பனி அமுங்கும் சத்தம் கேட்டால் அடியடுக்கு நொறுங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த நொறுங்கல் பக்கவாட்டில் ஓடும். நீ சமதரையில் நின்றாலும் மேலேயுள்ள சரிவு உன் தலையில் இறங்கலாம். ஆகவே, சத்தம் கேட்டதும் அண்ணாந்து பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பு.

அன்புடன்,
உன் ஆசிரியர்