ஊரார் அறிவு ஊருக்குப் பயன்படுவது எவ்வாறு?

கிராம முன்னேற்றம் என்றவுடன் சாலை, குடிநீர்த் தொட்டி, பள்ளிக் கட்டடம், தெருவிளக்கு ஆகியவையே நம் நினைவில் எழுகின்றன. இவை யாவும் இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. எனினும் ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் ஏறாத ஒரு செல்வம் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. ஏதேனும் ஒரு சிறு துறையில் வாழ்நாள் முழுவதும் பழகி, அதன் நுட்பங்களையெல்லாம் அறிந்து வைத்திருக்கும் மாந்தரே அச்செல்வம். அவ்வறிவை ஊருக்குப் பொதுவாக்கும் முறையைப் பற்றிச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள வாசுதேவநல்லூர் வட்டாரத்தையே எடுத்துக் கொள்வோம். நெல்லும் கரும்பும் தென்னையும் எலுமிச்சையும் விளையும் பூமி இது. அருகிலுள்ள புளியங்குடி எலுமிச்சைக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள பழைய வியாபாரி ஒருவர் பழத்தைக் கையில் எடுத்த மாத்திரத்தில் அதன் தோலின் பருமனையும், சாற்றின் அளவையும், வெளியூர் செல்லும் வரை அது தாங்குமா என்பதையும் சொல்லிவிடுவார். மலையை ஒட்டி வாழும் பளியர் எந்த மரம் எப்போது பூக்கும், தேனீ எந்தப் பாறையை நாடும் என்பதை அறிவர். வீட்டுக் கொல்லையில் சுரையும் அவரையும் போடும் மூதாட்டி எந்தக் காயை விதைக்கு விடவேண்டும் என்பதை அறிவார். வயலில் கிடை போடும் கீதாரி, எத்தனை ஆடுகளை எத்தனை இரவு அடைத்தால் எவ்வளவு நிலத்திற்கு எரு கிட்டும் என்பதை விரல் விட்டுக் கணக்கிடுவார். இவர்களுள் பலர் பள்ளியில் நெடுங்காலம் பயின்றவரல்லர். ஆயினும் தத்தம் துறையில் அவர்கள் பெற்றுள்ள தேர்ச்சி எந்தப் பட்டத்திற்கும் குறைந்ததன்று.

ஒரு குளம் கற்பித்த பாடம்

இவ்வறிவை நாம் கேட்டறியாமையால் விளையும் கேட்டினை என் சொந்த அனுபவத்தைக் கொண்டே கூற விரும்புகிறேன். ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஒன்றியத்தில் நான் விரிவாக்க அலுவலராகப் பணியாற்றிய காலம். அங்கு ஒரு குளத்தைத் தூர் வாரும் வேலை என் பொறுப்பில் நடைபெற்றது. குளம் முழுவதும் ஒரே ஆழத்திற்கு மண் எடுப்பதாக மதிப்பீடு தயாராயிற்று. நானும் அதனைப் பார்த்து ஒப்பமிட்டேன். வேலை குறித்த காலத்திற்குள் முடிந்தது, அளவுகள் சரியாக இருந்தன, அனைவரும் மகிழ்ந்தோம்.

அவ்வாண்டு மழையும் நன்கு பெய்தது. கார்த்திகையில் குளம் பெருகி மறுகால் பாய்ந்தது. வழக்கமாக மாசி வரை நிற்கும் நீர், அவ்வாண்டு தை பிறந்த சில நாட்களிலேயே வற்றத் தொடங்கியது. மடையை ஒட்டிய கரைக்கு வெளியே ஓயாது கசிவு. மேல்மடை வயல்கள் ஒருவாறு தப்பின. கடைமடை வயல்களிலோ கதிர் பால் பிடிக்கும் தறுவாயில் நெல் காய்ந்து பதராயிற்று. குத்தகைக்குப் பயிரிட்டவர்களுக்கு விதைச் செலவுகூடத் திரும்பவில்லை.

அந்தக் குளத்தின் மடையைத் திறந்து அடைக்கும் பொறுப்பைப் பல ஆண்டுகள் ஏற்றிருந்த முதியவர் ஒருவர் அவ்வூரில் இருந்தார். மடைக்குடும்பர், நீர்ப்பாய்ச்சி, நீர்க்கட்டி என்று இப்பணிக்கு ஊருக்கொரு பெயர் வழங்கும். அவரைத் தேடிச் சென்று காரணம் கேட்டேன். “மடைக்குக் கிழக்கே நாலு சாண்தான் வண்டல், அய்யா. அதுக்கடியிலே ஒரு முழம் களி. களியை உடைச்சா கீழே முழுக்க மணல்தான், தண்ணி நிக்காது” என்றார். இதை ஏன் அப்போதே சொல்லவில்லை என்று வினவினேன். “சொன்னேனே அய்யா. மேஸ்திரிகிட்டச் சொன்னேன். அளவு போட்டாச்சு, மாத்த முடியாதுன்னுட்டாரு. உங்ககிட்ட வந்து சொல்ல எங்களுக்கு ஏது நேரம், ஏது இடம்?” என்றார்.

அம்முதியவர் கூறியதன் உண்மையை எவரும் எளிதில் உணரலாம். மழைநீர் கொண்டு வந்து சேர்க்கும் மேல்வண்டலை அகற்றினால் குளத்தின் கொள்ளளவு கூடும். அவ்வண்டல் வயலுக்கு எருவும் ஆகும். அதன் கீழுள்ள நுண்ணிய களியோ குளத்தின் தரைக்குப் பூசிய பூச்சுப் போன்றது. அப்பூச்சு உடைந்தால் நீர் மணல் வழியே இறங்கிவிடும். கரையின் அடியிலும் கசிவு உண்டாகும். ஒரு குளத்தில் களி எங்கே தடித்துள்ளது, எங்கே மெலிந்துள்ளது என்பதைப் பல இடங்களில் குழி தோண்டிப் பார்த்தே பொறியாளர் அறிய இயலும். அம்முதியவருக்கு அது மனப்பாடம்.

மறு கோடையில் அவரையே முன் நிறுத்தி, அவர் காட்டிய இடங்களில் களிமண் இட்டு மிதித்துக் கெட்டிப்படுத்தினோம். கசிவு பெரிதும் அடங்கிற்று. ஆனால் ஒரே வேலைக்கு இருமுறை செலவாயிற்று. ஒரு போக நெல்லும் போயிற்று. இரண்டாண்டுகளில் அவர் காலமானார். அக்குளத்தைப் பற்றி அவர் கூறியவற்றுள் நான் எழுதி வைத்தது ஒரு பக்கம் மட்டுமே. அவர் அறிந்திருந்த ஏனைய யாவும் அவருடனே சென்றன.

இதிலிருந்து நான் கற்ற பாடம் ஒன்றே. அறிந்தவர் தம் அறிவை மறைப்பதால் மட்டும் அது வீணாவதில்லை. பெரும்பாலும் அவர்கள் சொல்லவே விரும்புகின்றனர். கேட்பதற்கு உரிய இடமும் நேரமும் ஊரில் வகுக்கப்படாமையே குறை.

பாம்பறிந்தோர் கதை

உரிய இடம் வகுக்கப்படின் என்ன விளையும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு சான்று உண்டு. செங்கற்பட்டுப் பகுதியில் வாழும் இருளர் பாம்பின் தடத்தையும் பழக்கத்தையும் நன்கறிந்தவர்கள். முற்காலத்தில் பாம்புத் தோல் வணிகத்தை நம்பி அவர்களிற் பலர் வாழ்ந்தனர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை அடுத்து அவ்வணிகம் தடை செய்யப்படவே, பிழைப்புக்கு வழியற்றுத் தவித்தனர். 1978இல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் துணையுடன் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் அச்சங்கம் இயங்கி வருகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உறுப்பினர் உயிருடன் பிடித்து வருவர். சில வாரங்கள் வைத்திருந்து நஞ்சு எடுத்தபின் மீண்டும் காட்டிலேயே விடுவர். அந்நஞ்சிலிருந்தே பாம்புக்கடிக்குரிய மாற்று மருந்து உருவாகிறது.

அச்சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருவரை 2017இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் அழைத்தது. அங்குள்ள சதுப்பு நிலங்களில் வெளியிலிருந்து வந்து பெருகிவிட்ட மலைப்பாம்புகளைக் கண்டுபிடிப்பது பெரும்பாடாக இருந்தது. நம்மவர் இருவரும் தடம் பார்த்தே சென்று, இரண்டு வாரங்களுக்குள் 13 பாம்புகளைப் பிடித்தனர். 2023இல் அவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. ஒரு கூட்டுறவுச் சங்கம் என்னும் எளிய அமைப்பு இல்லாதிருப்பின், அவ்வறிவு தோல் வணிகத்தோடு அழிந்து போயிருக்கும்.

பகிர்ந்தவருக்குப் பங்கு

அறிவைப் பகிர்ந்தால் பிறர் அதனைக் கவர்ந்து பொருளீட்டுவாரோ என்னும் அச்சம் நியாயமானதே. 1995இல் மஞ்சளைக் கொண்டு புண் ஆற்றும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. நம் பாட்டிமார் அனைவரும் அறிந்த செய்தி அது! நமது நாட்டின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய எழுத்துச் சான்றுகளைக் காட்டி வழக்காடியபின் 1997இல் அக்காப்புரிமை நீக்கப்பட்டது. எல்லாரும் அறிந்த ஒன்றாயினும், எழுத்தில் இருந்ததனாலேயே வழக்கு வென்றது என்பதை நாம் மறத்தலாகாது.

நம் மலைத் தொடரிலேயே மற்றொரு நிகழ்ச்சி உண்டு. 1987இல் அகத்தியமலைப் பகுதிக்கு ஆய்வாளர் குழு ஒன்று சென்றது. வழிகாட்டிகளாக வந்த காணி மக்கள் ஒரு சிறு காயைத் தின்று, களைப்பின்றி மலையேறுவதை அவர்கள் கண்டனர். நெடுந்தயக்கத்திற்குப் பின்னரே காணிகள் அச்செடியைக் காட்டினர். ஆரோக்கியப்பச்சை என வழங்கும் அச்செடியைக் கொண்டு, திருவனந்தபுரம் அருகே பாலோட்டிலுள்ள தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் ஒரு மருந்தை உருவாக்கியது. அதன் உரிமத் தொகையில் பாதியைக் காணிகளுக்கு அளிக்க அந்நிலையம் உடன்பட்டது. அத்தொகையைப் பெறுவதற்கென 1997இல் காணி மக்களின் நல அறக்கட்டளை ஒன்று நிறுவப்பட்டது. இம்முயற்சியிலும் குறைகள் இருந்தன. எல்லாக் காணிகளும் முதலிலேயே கலந்து பேசப்படவில்லை என்பது அவற்றுள் ஒன்று. எனினும் அறிவைத் தந்தவருக்கும் பங்குண்டு என்னும் நெறி அதனால் நிலைபெற்றது.

2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டமும் இந்நெறியையே தழுவுகிறது. ஒவ்வோர் உள்ளாட்சியிலும் இதற்கென ஒரு மேலாண்மைக் குழு அமைத்து, ஊரிலுள்ள பயிர், செடி, கால்நடை ஆகியவற்றையும் அவை பற்றிய மக்களறிவையும் பதிவேட்டில் எழுதவேண்டும் என்பது ஏற்பாடு. இப்பதிவேட்டினை அலுவலக மேசையில் இருந்தவாறே நிரப்புவோமாயின் அது வெறுங்காகிதமே ஆகும். அறிந்தவரின் வாய்மொழியால் நிரப்பினால் ஊருக்குச் சாசனமாகும்.

கேட்கும் முறை

தமிழ்நாட்டில் சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் அரைமணி நேரத்தை ஊரில் ஒருவர் தாம் அறிந்த ஒரு பொருளைப் பற்றிப் பேசுவதற்கு ஒதுக்கலாம் என்பது என் கருத்து. சென்ற ஆண்டு ஓர் ஊரில் இதனை முயன்று பார்த்தோம். ஆடு வளர்க்கும் பெரியவர் ஒருவரை அழைத்து, “தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்” என்றோம். “எனக்கு என்னய்யா தெரியும், நான் ஆடு மேய்க்கிறவன்” என்று கூறி அமர்ந்துவிட்டார். பின்னர் பள்ளி ஆசிரியை ஒருவர், “பட்டியில் ஓர் ஆட்டுக்கு நோய் வரப்போவதை எவ்வாறு முதலில் கண்டுகொள்வீர்கள், தாத்தா?” என்று வினவினார். உடனே பெரியவர் எழுந்தார். காலையில் பட்டியைத் திறந்தவுடன் முந்தி வரும் ஆடு அன்று பின்தங்குவது, அசை போடாமல் ஒதுங்கி நிற்பது, மூக்கு நுனி காய்ந்திருப்பது என ஒவ்வொன்றாக விளக்கினார். அரைமணி ஒரு மணியாயிற்று. ஆடு வாங்கக் கடன் பெற்றிருந்த மகளிர் குழுவினர் ஒருவரும் எழுந்து செல்லவில்லை.

இம்முயற்சியை மேற்கொள்ள விரும்பும் ஊராட்சித் தலைவர்களும் செயலர்களும் சுய உதவிக் குழுவினரும் பின்வருவனவற்றைக் கருத்திற் கொள்ளுதல் நலம்.

1. ஒருவர் ஒரு பொருளைப் பற்றி மட்டுமே பேசட்டும். பொருள் சிறிதாக இருத்தல் நன்று. “வேளாண்மை” என்பதைவிட “எலுமிச்சைக்கு நீரை நிறுத்திப் பூக்க வைப்பது” என்பதே பயன் தரும்.

2. பொதுவாகக் கேளாமல் குறிப்பாகக் கேட்கவேண்டும். “எப்போது”, “எவ்வளவு”, “எதைக் கண்டு” என்னும் வினாக்களே நுட்பங்களை வெளிக்கொணரும்.

3. இயன்றவரை செயலிடத்திற்கே செல்லவேண்டும். மடையைப் பற்றிய பேச்சு மடையின் மேலும், விதையைப் பற்றிய பேச்சு விதைக் குதிரின் அருகிலும் நிகழட்டும்.

4. பெண்டிரையும் ஊரின் கடைசித் தெருவில் வாழ்வோரையும் முதலில் அழைக்கவேண்டும். இதுகாறும் கேட்கப்படாத அறிவு அங்கேதான் மிகுதி.

5. சொன்னவர் பெயரையும் நாளையும் இட்டு எழுதி, அவருக்கே படித்துக் காட்டி, அவர் இசைவு பெற்ற பின்னரே பதிவேட்டில் சேர்க்கவேண்டும். அரிய மூலிகை வளரும் இடம் போன்றவற்றை வெளியிட வேண்டாம் என்று அவர் கூறின், அதனை மதித்தல் கடமை.

சோதித்துக் கொள்ளுதல்

நெடுநாள் வழங்கி வருவது என்பதனாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. பாம்பு எங்கே பதுங்கும் என்று அறிந்தவர் சொல்லைக் கேட்பது நன்மை. அவரே கடிக்குப் பச்சிலை தருவதாகக் கூறின் அதனை ஏற்பது உயிருக்குக் கேடு. கடிபட்டவரைத் தாமதமின்றி மாற்று மருந்துள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதொன்றே வழி. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்கவேண்டிய நோய்களுள் ஒன்றாக அறிவித்துள்ளதும் ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. ஆகவே நோய், மருந்து பற்றிய செய்திகளை மருத்துவரிடமும், பயிர் பற்றியவற்றை வேளாண்மை அலுவலரிடமும், நீர்நிலை பற்றியவற்றைப் பொறியாளரிடமும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே பரப்பவேண்டும். அலுவலர் அறிந்ததை ஊரார் சோதிப்பதும், ஊரார் அறிந்ததை அலுவலர் சோதிப்பதும் இருதிறத்தார்க்கும் இழிவாகாது.

1952 அக்டோபர் 2ஆம் நாள் நம் நாட்டில் சமுதாய முன்னேற்றத் திட்டம் தொடங்கிய காலத்தில், புதிய அறிவை ஊருக்குக் கொண்டு செல்வதே கிராம சேவகரின் தலையாய பணியாகக் கருதப்பட்டது. அப்பணி இன்றும் முடிந்துவிடவில்லை. ஆனால் கொண்டு செல்லும் கை வெறுமையாகத் திரும்புதல் கூடாது; ஊரிலிருந்து பெற்று வரவும் வேண்டும்.

வாசக அன்பர்களே! வரும் கோடையில் உங்கள் ஊர்க் குளத்தில் மண் எடுக்கும் வேலை தொடங்கக்கூடும். அளவுக் கயிறு பிடிப்பதற்கு முன், அந்த மடையைத் திறந்து அடைத்து முதிர்ந்தவர் யாரேனும் இன்னும் உளரா என்று வினவுங்கள். உளராயின், அவரைக் கரைக்கு அழைத்துச் சென்று, அவர் கை காட்டும் இடங்களை வரைபடத்தில் குறித்துக் கொள்ளுங்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு காலைப்பொழுது மட்டுமே.