புயலும் கலமும்

நுழையும்முன்

புயல் கரையைக் கடந்த மறுநாள் நாளேடுகள் சாய்ந்த மரங்களையும் மின்கம்பங்களையும் எண்ணுகின்றன. கடற்கரை ஊரார் எண்ணுவது படகுகளை. எத்தனை உடைந்தன என்பதோடு அவர்கள் நிற்பதில்லை. எத்தனையை மீட்கலாம், யார் மீட்பார் என்பதே அவர்தம் கவலை. காரைக்கால் கரையிலும், அக்கரையினின்று கப்பலேறியவர்கள் குடியேறிய கரீபியன் கடலிலும் இக்கவலைக்கு மக்கள் கண்ட விடைகளை இப்பாடம் பேசுகிறது.

அரசலாற்றின் முகத்துவாரம்

காவிரியின் கிளையாறுகளுள் ஒன்றாகிய அரசலாறு கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்த ஊர் காரைக்கால். புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்கு உட்பட்ட இதன் நிலப்பக்கம் முழுவதையும் தமிழ்நாட்டு மாவட்டங்கள் சூழ்ந்துள்ளன, கிழக்கே வங்கக்கடல். கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி, காசாக்குடிமேடு, மண்டபத்தூர் என மீனவ ஊர்கள் இக்கரையில் வரிசையாக உள்ளன. வடகிழக்குப் பருவமழைக் காலம் இவ்வூர்களுக்குப் புயற்காலமுமாகும். 2008 நவம்பர் 27 அன்று நிஷா புயல் காரைக்கால் அருகே கரையைக் கடந்தது. பத்தாண்டுகள் கழித்து, 2018 நவம்பர் 16 அதிகாலையில், கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. தெற்கே மல்லிப்பட்டினம் துறைமுகத்தில் கட்டி வைத்திருந்த விசைப்படகுகள் ஒன்றோடொன்று மோதி நொறுங்கின.

படகு ஒன்று உடைந்தால் உடைமையாளர் ஒருவரே இழப்பதில்லை. பிடிபட்ட மீனின் வருவாய் படகுக்கும் வலைக்கும் தொழிலாளர்க்கும் பங்குகளாகப் பிரிவது இக்கரையின் வழக்கம். பனிக்கட்டி உடைப்பவர், ஏலம் கூறுபவர், கூடையில் மீன் சுமந்து தெருத்தெருவாக விற்கும் பெண்கள் ஆகியோரின் அன்றாடக் கூலியும் அப்படகையே சார்ந்திருக்கிறது. ஆகவே, பழுதுபார்ப்பு ஒரு வாரம் தள்ளிப்போனால் பல வீடுகளில் அடுப்பு தணியும்.

மரக்கலத்தின் மருத்துவம்

மரக்கலம் கட்டுவோரை ஓடாவி என்பர். அடிமரமாகிய எராவும் விலா எலும்பு போன்ற வங்குகளும் உறுதியாக உள்ளனவா என்பதையே அவர் முதலில் பார்ப்பார். பலகை பிளந்திருந்தால் மாற்றிவிடலாம். எரா முறிந்திருந்தால் கலத்தை ஏறத்தாழப் புதிதாகவே கட்ட வேண்டும். பலகைகளுக்கு இடையேயுள்ள இணைப்புகளில் பஞ்சுத்திரியை உளியால் அடித்துச் செலுத்தி, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தை மேலே பூசுவது பழைய முறை. இதற்குக் கலப்பற்று என்று பெயர். நீரில் இறங்கியதும் மரம் ஊறிப் பருத்து, இணைப்பை மேலும் இறுக்கிக்கொள்ளும். மரத்தைத் துளைக்கும் கடற்புழுவும் ஓட்டில் படியும் கொட்டலசும் ஆண்டுதோறும் கவனிக்க வேண்டிய பகைவர்.

நம் முன்னோர் கட்டிய கப்பல்கள் பழுதுபார்க்கவே வேண்டாதவை என்று பெருமை பேசுவோர் உண்டு. மரத்தையும் உப்புநீரையும் அறிந்தோர் அதனை ஏற்கார். கலம் நெடுநாள் வாழ்ந்ததென்றால் அதனை இடைவிடாது பேணிய கைகள் அருகில் இருந்தன என்பதே பொருள்; பெருமை அக்கைகளுக்கே உரியது.

புயல்கள் காத்திருந்த தீவுகள்

பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் காரைக்கால், புதுச்சேரித் துறைகளிலிருந்து தமிழர் பலர் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். இந்தியத் தொழிலாளர் முந்நூற்றுவர்க்கு மேல் ஏற்றிய ஒரேலி என்னும் கப்பல் 1853 மே மாதத்தில் மார்த்தினிக் தீவை அடைந்தது. அதே கப்பல் 1854 டிசம்பர் 24 அன்று குவாதலூப்புக்கும் சென்றது. சூயஸ் கால்வாய் திறக்கப்படாத காலம் அது. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றியே செல்ல வேண்டும்.

போய்ச்சேர்ந்த இடத்திலும் அவர்களுக்குப் புயல் புதிதாக இல்லை. நாம் புயல் என்பதையே அட்லாண்டிக் பகுதியினர் ஹரிக்கேன் என்பர். வெப்பக் கடல்நீரில் ஆற்றல் பெற்றுச் சுழலும் அதே காற்று. அங்கே ஜூன் முதல் நவம்பர் வரை அதன் பருவம். 1891 ஆகஸ்ட் 18 அன்று மார்த்தினிக்கையும், 1928 செப்டம்பர் 12 அன்று குவாதலூப்பையும் அது சூறையாடியது.

பழுதுபார்ப்பே பெயரான துறைகள்

அக்கடலில் பழுதுபார்ப்பு துறைமுகங்களுக்கே பெயராகியிருக்கிறது. கப்பலை ஆழம் குறைந்த நீரில் ஒருபுறமாகச் சாய்த்து, அடிப்பாகத்தைச் சுரண்டிச் செப்பனிடும் இடத்தைப் பிரெஞ்சு மொழியில் ‘கரெனாழ்’ என்பர். கிரெனடாவின் தலைநகர்த் துறை இன்றும் அப்பெயரால் வழங்குகிறது. செயின்ட் லூசியாவின் காஸ்ட்ரீஸ் நகருக்கும் முன்பு அதுவே பெயர்.

கிரெனடாவைச் சேர்ந்த காரியாகூ தீவில், வரைபடத் தாளின்றிக் கண்ணளவாகவே கடற்கரையில் பாய்மரக்கலம் கட்டும் மரபு உள்ளது. 2023இல் யுனெஸ்கோ அதனை மானுடத்தின் தொட்டுணரா மரபுப் பட்டியலில் சேர்த்தது. அடுத்த ஆண்டு ஜூலை 1 அன்று பெரில் புயல் அத்தீவைத் தாக்கியது. தீவின் பெரும்பாலான கட்டடங்கள் சேதமுற்றன. அலையாத்திக் காடுகளுக்குள் ஒதுங்கியிருந்த பாய்ப்படகுகளும் பல சிதைந்தன.

புயல் கடந்த தீவுக்குப் பாய்ப்படகில் செல்வோர்க்குத் தனி எச்சரிக்கை தேவை. மூழ்கிய கலங்கள் நீருக்கடியில் மறைந்து கிடக்கும், மிதவைகள் இடம்பெயர்ந்திருக்கும், பழைய கடல்வரைபடத்தை முழுதும் நம்புதல் இயலாது. குடிநீரையும் உணவையும் பழுதுநீக்கும் கருவிகளையும் தாமே கொண்டுசெல்லுதல் வேண்டும். விருந்தினராய்ச் சென்று, தட்டுப்பாட்டில் வாடுவோரின் கடையில் இருப்பதை வாங்கித் தீர்ப்பது முறையாகாது. கயிறும் தார்ப்பாயும் ஆணியும் மிகுதியாக ஏற்றிச் செல்பவரே அங்கு நல்ல விருந்தினர்.

அறுபத்தொரு நாள்கள்

காரைக்காலில் இப்போது மரத்தோடு கண்ணாடியிழையும் சேர்ந்துகொண்டது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கட்டுமரங்களின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகுகள் விரைந்து பிடித்தன. இவற்றைச் செப்பனிடும் முறை வேறு. உடைந்த பகுதியைச் சுற்றிச் சரிவாகத் தேய்த்து, இழைத்துணியைப் பிசினில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்ட வேண்டும். மரத்துக்கு நட்பான ஈரம் இதற்குப் பகை. உள்ளே நீர் தங்கியிருந்தால் புதிய அடுக்கு பற்றாது. புயலுக்குப் பின்னும் மழை விடாத கார்த்திகையில் இது எளிதன்று.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. மீன் இனப்பெருக்கத்துக்கென விதிக்கப்பட்ட இந்த 61 நாள்களே படகு பழுதுபார்க்கும் பருவமாகவும் விளங்குகின்றன. படகுகள் கரையேற்றப்படும், பலகை மாற்றும் ஓசையும் வண்ணப்பூச்சின் நெடியும் நாள்முழுதும் இருக்கும். பொறி கழற்றுவோரும் வலை பின்னுவோரும் நிழல் தேடி அமர்ந்திருப்பர். ஐப்பசியில் காற்று திரும்புவதற்குள் எந்தப் படகின் எரா நலிந்தது, எது இன்னும் ஓராண்டு தாங்கும் என்பது ஓடாவிக்குத் தெரிந்திருக்கும்.

கற்பவை கற்றபின்

உங்கள் பகுதியில் படகு, வண்டி, ஏர் முதலியவற்றைச் செப்பனிடுவோரைச் சந்தித்து, அவர்கள் வழங்கும் தொழிற்சொற்களைப் பொருளுடன் தொகுத்து வகுப்பறையில் படித்துக் காட்டுக.