கருவியா, கைப்பழக்கமா?

கேள்வி: பிலிப்பைன்ஸ் போன்ற வளரும் தீவு நாடுகளில் பச்சிளங்குழந்தைகள் இறப்பதைத் தடுக்க, மருத்துவமனைகளுக்கு நிறைய இன்குபேட்டர் வாங்கிக் கொடுத்தால் போதாதா?

பதில்: போதாது. பிலிப்பைன்ஸின் 51 மருத்துவமனைகளில் 481 பிரசவங்களை நேரில் கவனித்துச் செய்த ஆய்வு ஒன்று 2011இல் வெளியானது. பாதிப் பிரசவங்களில் 12 நொடிக்குள் தொப்புள்கொடியைக் கவ்வியிட்டு அடைத்திருந்தார்கள். ஒரு நிமிடமாவது பொறுத்தால் குழந்தைக்குக் கூடுதல் ரத்தம் சேரும், பின்னாளில் சோகை குறையும். தாயின் மார்பில் கிடந்து சூடும் சீம்பாலும் பெற வேண்டிய சிசுவை, பிறந்த சிறிது நேரத்திலேயே குளிப்பாட்டியிருக்கிறார்கள். உடல் சில்லிட்டால் மூச்சுத் திணறும், ரத்தச் சர்க்கரை இறங்கும். இதில் எந்தக் கருவி குறைவு? பெரும்பாலான வேலைகள் நடந்திருக்கின்றன, வரிசைதான் தவறு. துடைத்து உலர்த்து, மார்பில் கிடத்து, பொறுத்துக் கொடியை வெட்டு, பால் கொடு என்ற வரிசையை 'உனாங் யகாப்', அதாவது முதல் அணைப்பு, என்ற பெயரில் 2009 இறுதியில் அந்நாட்டுச் சுகாதாரத் துறை கொண்டுவந்தது. செலவு அதிகமில்லை, பழகிய கையை மாற்றுவதுதான் பெரும்பாடு.

குறைமாதக் குழந்தைக்கு அணைப்பு மட்டும் போதுமா என்று கேட்பீர்கள். நியாயம்தான். மூச்சுக்கு உதவும் கருவியும் ஆக்சிஜனும் வேண்டும். சிறு தீவிலிருந்து படகில் பெரிய ஊருக்குக் கொண்டுபோகும் ஏற்பாடும் வேண்டும். ஆனால் அந்தப் பயணத்திலும் குழந்தையைச் சூடாக வைத்திருக்கத் தாயின் மார்பு உதவும். இன்குபேட்டருக்கோ தடையில்லாத மின்சாரமும் பழுதுபார்க்க ஆளும் வேண்டும்.