சாம்பல் கல்லும் சூளைக் கல்லும்



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டபோது, பசுமைக் கட்டடம் என்று தலைப்பு வைத்து நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்கான அரசு விதிகள் நிறையவே இருக்கின்றன. தமிழ்நாட்டில் 2003ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. 2007ல் மத்திய அரசு பெரிய வணிகக் கட்டடங்களுக்காக எரிசக்தி சேமிப்பு விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. இவை பரீட்சைக்கு வரும், படித்துக்கொள்ளுங்கள். ஆனால் எங்கள் வீட்டு அடுப்பு வரைக்கும் வந்து தொட்ட விதி வேறு. அது சாம்பல் விதி. என் அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளையில் கல் அறுப்பவர்கள். அதனால் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

அனல் மின் நிலையத்தில் எரிக்கும் நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம். 100 டன் எரித்தால் 30 முதல் 40 டன் வரை சாம்பலாகவே மிஞ்சும். அடுப்புக்கு அடியில் விழுவது கொஞ்சம்தான். பெரும்பகுதி முகப்பவுடர் மாதிரி மெல்லிசாகப் புகையோடு பறக்கும். அதைத்தான் ஃப்ளை ஆஷ் என்கிறோம். புகைபோக்கிக்குப் போகுமுன் மின்சாரத் தகடுகள் வைத்து அதைப் பிடித்துவிடுகிறார்கள். பிடித்ததை எங்கே போடுவது? தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குட்டைக்கு அனுப்புவது பழைய வழக்கம். எண்ணூர்ப் பக்கம் அந்தக் குழாய்கள் கசிந்து கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்த கதையைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள்.

இன்னொரு பக்கம் செங்கல். 230 x 110 x 70 மி.மீ. கல் ஒன்று சுமார் 3 கிலோ எடை. ஒரு சின்ன வீட்டுக்கு 15,000 கல் என்று வைத்தால் 45 டன் ஆகிறது. வேகும்போது ஈரம் போய்விடுவதால் தோண்டிய மண் அதைவிட அதிகம். அதுவும் எந்த மண்? பயிர் விளைகிற மேல்மண். ஒரு வீட்டுக்கே இவ்வளவு என்றால் ஊருக்கு எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்க.

இந்த இரண்டு தொல்லையையும் சேர்த்துத் தீர்க்கத்தான் 1999 செப்டம்பர் 14ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அறிவிக்கை போட்டது. 1986ம் வருஷத்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தது அது. அனல் மின் நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் செங்கல் செய்பவர்கள் மண்ணோடு எடைக்கு எடை 25 சதவீதமாவது சாம்பல் கலக்க வேண்டும் என்றது. 2003ல் அந்தத் தூரம் 100 கிலோமீட்டர் ஆயிற்று. 2016ல் 300. மேட்டூர், வட சென்னை, தூத்துக்குடி மூன்றிலும் காம்பஸ் முனையை வைத்து 300 கி.மீ. வட்டம் போட்டுப் பார்த்தேன். தமிழ்நாட்டில் வெளியே நிற்கிற ஊர் ஒன்றுகூட இல்லை! 2021 டிசம்பர் 31ல் வந்த புதிய அறிவிக்கையோ சாம்பல் முழுவதையும், நூற்றுக்கு நூறு, பயன்படுத்தியாக வேண்டும் என்கிறது. தவறினால் மின் நிலையம் டன்னுக்கு 1,000 ரூபாய் கட்ட வேண்டும். அரசுக் கட்டட வேலைகளில் சாம்பல் கல் போட வேண்டும், ஆனால் விலை மற்றக் கல்லைவிட அதிகமாக இருக்கக்கூடாது என்றும் இருக்கிறது.

சாம்பல் எப்படிக் கல்லாகிறது? இதில்தான் பலருக்குக் குழப்பம். சாம்பல் தனியாக ஒட்டாது. அதில் சிலிக்காவும் அலுமினாவும் இருக்கின்றன. சுண்ணாம்பும் தண்ணீரும் கிடைத்தால் அவை மெதுவாகச் சேர்ந்து சிமெண்ட் மாதிரியே ஒரு பசையை உண்டாக்கும். ரோமாபுரிக்காரர்கள் எரிமலைச் சாம்பலை வைத்துச் செய்த அதே வேலைதான். கூட ஜிப்சம் சேர்த்தால் ஆவியில் அவிக்காமலே கல் நன்றாக இறுகும் என்று செய்து காட்டியவர்கள் விசாகப்பட்டினத்து பானுமதிதாஸும் காளிதாஸும். பாதிக்குக் குறையாத சாம்பல், குவாரித் தூள், கொஞ்சம் சிமெண்ட் அல்லது சுண்ணாம்பு, ஜிப்சம். கலக்கி, அச்சில் அழுத்தி, தண்ணீர் விட்டு வைத்தால் தீர்ந்தது. சூளை வேண்டாம், விறகு வேண்டாம், கரி வேண்டாம். ஆனால் "மெதுவாக" என்று சொன்னேனே, அதை மறந்துவிடாதீர்கள். முழுக் குட்டும் அதில்தான் இருக்கிறது.

போன கோடையில் பயிற்சிக்குப் போன ஒரு சைட்டில் லாரியில் ஆஷ் கல் வந்து இறங்கியது. கையில் எடுத்தால் மூலை உதிருது. நகத்தால் கீறினால் கோடு விழுது. அழுத்தி நாலு நாள்தான் ஆகிறது என்று டிரைவர் வாய்விட்டுச் சொல்லிட்டார். வேலை நிற்கக்கூடாது என்று அதையே வைத்துக் கட்டினார்கள். பூச்சு போட்ட பிறகு சுவரெல்லாம் விரிசல். மேஸ்திரி, "ஆஷ் கல்லே இப்படித்தான் தம்பி, செங்கல் மாதிரி வருமா?" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆறு கல் கேட்டு வாங்கிவந்தேன். மூன்றை மறுநாளே நம் ஆய்வகத்தில் நசுக்கினோம். சராசரி 3 நியூட்டனைக்கூடத் தாண்டவில்லை. சாதாரணச் செங்கல்லுக்கே ஐ.எஸ். 1077 கேட்கிற குறைந்த அளவு சதுர மி.மீட்டருக்கு 3.5. மிச்சம் மூன்றை ஹாஸ்டல் குழாயடியில் ஈரச் சாக்கு போட்டு 21 நாள் வைத்தேன். (கிண்டல் பண்ணிய அறைத் தோழர்களுக்கு நன்றி. ஒரு நாள் நான் மறந்தபோது தண்ணீர் விட்டது அவர்கள்தான்.) பிறகு நசுக்கியபோது 7ஐத் தொட்டது. சோதனைக்கு ஐந்து கல் வேண்டும் என்பது விதி, தெரியும். என்னிடம் இருந்தது அவ்வளவுதான். ஆனாலும் குறை சாம்பலில் இல்லை, அவசரத்தில்தான் என்று புரிந்துகொள்ள அது போதும். நாளைக்கு சைட் சூப்பர்வைசராக நிற்கப்போவது நாம்தான். லாரி வந்ததும் எந்தத் தேதியில் போட்ட கல் என்று கேளுங்கள்.

இதுவரை எழுதியதில் விதியின் பக்கம்தான் நான். இனி எங்கள் வீட்டுப் பக்கம்.

நான் ஆறாவது படிக்கும்போது எங்கள் சூளைக்கும் நோட்டீஸ் வந்து, முதலாளி ஒரு லோடு சாம்பல் இறக்கினார். கால் பங்கு கலந்து அறுக்கச் சொன்னார்கள். களிமண்ணும் கரிசலும் உள்ள இடத்தில் இந்தக் கலவை நல்லது. பிசுக்கு குறையும், காயும்போது வெடிக்காது. சாம்பலில் மிஞ்சிய கரி வேகவும் உதவும். எங்கள் ஊர் மண்ணோ மணல் கலந்தது. அதில் சாம்பலும் சேர்ந்ததும் பிடிப்பே இல்லை. அச்சைத் தூக்கினால் பச்சைக் கல்லின் ஓரம் சரிந்தது. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்றுதான் கூலி, அதிலும் உடைந்த கல்லுக்குக் காசு இல்லை. இரண்டு வாரம் அப்பாவும் அம்மாவும் விடியற்காலம் இரண்டு மணிக்கு எழுந்து அறுத்தும், வாங்கிய முன்பணத்தில் ஒரு ரூபாய் கழியவில்லை. பிறகு முதலாளியே சாம்பலை ஓரமாகக் கொட்டிவிட்டார். மண்ணைப் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே 25 என்று எழுதியதன் நஷ்டம் கல் அறுக்கிறவன் தலையில் விழுந்தது.

இந்த வருஷம் சூளைக்கு ஆர்டர் குறைவு. தையில் தொடங்கி ஆனி வரைக்கும் ஓடுகிற வேலை பங்குனியிலேயே நின்றது. பக்கத்து ஊரில் சாம்பல் கல் யூனிட் ஒன்று வந்திருக்கிறது. பத்து ஜோடி அறுக்கிற கல்லை அங்கே ஒரு மெஷினும் ஆறு ஆளும் முடித்துவிடுகிறார்கள். 2021 அறிவிக்கைப்படி வசூலாகும் அபராதப் பணம், மிஞ்சிய சாம்பலைப் பத்திரமாக அப்புறப்படுத்தவும் ஆராய்ச்சிக்கும் போகும். அதில் ஒரு பங்கை, சூளையில் வேலை இழப்பவர்களுக்கு மெஷின் வேலை பழக்கிக் கொடுக்க ஒதுக்கினால் என்ன? மண்ணைக் காப்பாற்றியதற்கு ஆகும் செலவில் அதையும் சேர்த்துத்தானே எழுத வேண்டும்?

அப்பாவுக்கு நான் ஆய்வகக் கல் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினேன். இன்னொரு கல்லோடு தட்டிச் சத்தம் கேட்டார். இரவு முழுக்க வாளித் தண்ணீரில் போட்டு வைத்து, காலையில் கையில் தூக்கிப் பார்த்தார். "நல்ல கல்லுதான்டா" என்றார். அடுத்த வாரம் அந்த யூனிட்டுக்கு அவரே போய்க் கேட்டார். இப்போது வாரத்தில் மூன்று நாள் அங்கே கல் அடுக்கவும் தண்ணீர் விடவும் போகிறார். பச்சைக் கல்லைத் தூக்கிப் பழகிய கை, மூலை உடையாமல் எடுக்கிறார் என்று ஓனர் சொன்னாராம். அம்மாவுக்கு அங்கே இன்னும் வேலை கிடைக்கவில்லை.