பத்திரிகையில் வந்ததைத்தானே சொன்னேன்!

வாரப் பத்திரிகை வாங்குவது ஆகுமா, வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி வைப்பது ஆகுமா என்று கேட்போர் இன்றும் இருக்கிறார்கள். காகிதத்திலும் பெட்டியிலும் தனியே குற்றமொன்றும் இல்லை. அவற்றின் வழியே வீட்டுக்குள் எது வருகிறது, வந்தது நம் நாவின் வழியே எங்கே போகிறது என்பதே கேள்வி.

பத்திரிகை நம் சமுதாயத்துக்கு அந்நியப் பொருளன்று. கண்டியில் சித்திலெவ்வை அவர்கள் 1882-ல் ‘முஸ்லிம் நேசன்’ தொடங்கினார்கள். சிங்கப்பூரில் மகுதூம் சாயபு அவர்கள் 1887-ல் ‘சிங்கை நேசன்’ என்ற வார இதழைத் தொடங்கினார்கள். தமிழகத்தில் பா. தாவூத் ஷா அவர்களின் ‘தாருல் இஸ்லாம்’ பல்லாண்டுகள் வெளிவந்தது. அந்த ஏடுகளிலும் சண்டை சச்சரவுக்குக் குறைவில்லைதான். ஆயினும் வாரம் ஒருமுறை அச்சாகும் ஏட்டுக்கு ஒரு நன்மை உண்டு. பொய்யாகப் புறப்பட்ட செய்தி அச்சேறுமுன் பாதி வழியிலேயே செத்துப் போகலாம்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15-ல் தொடங்கியது. எண்பதுகளில் ரிலே நிலையங்கள் பெருகிய பிறகே உள்ளூர்களுக்குப் படம் எட்டிற்று. தெருவுக்கு ஒரு பெட்டி. வெள்ளிக்கிழமை மாலை ‘ஒளியும் ஒலியும்’ வந்தால் பெட்டி இருக்கும் வீட்டுத் திண்ணை நிரம்பும். பள்ளிவாசலில் ஸஃப்பு குறையும். 1993-ல் சன் டி.வி. வந்தது. 2006 முதல் சில ஆண்டுகள் தமிழக அரசே இலவச வண்ணப் பெட்டி வழங்கியது. இப்போது கையிலேயே படம். தொழுகை நேரத்தைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. பாங்கு கேட்டதும் நிறுத்திவிட்டு எழுந்தால் தீர்ந்தது. அதைவிடச் சிக்கலானது செய்தியின் விஷயம்.

செய்தியின் கனத்தை அறிய மணலூர்பேட்டையைப் பாருங்கள். தென்பெண்ணைக் கரையில் அமைந்த ஊர். ஆற்றின் மேற்பகுதியில் சாத்தனூர் அணை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் அணை நிரம்பி, 2-ஆம் தேதி விடியுமுன் வினாடிக்கு 1,68,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. கரையோர ஊர்களில் வெள்ளம் புகுந்தது. எச்சரிக்கை தக்க சமயத்தில் வந்ததா என்று அரசுக்கும் எதிர்க்கட்சிக்கும் பெரிய வாதமே நடந்தது.

அப்படியோர் இரவில் ஒரு சொல்லுக்கு உயிரின் விலை. ‘தண்ணீர் திறந்துவிட்டார்கள், மேட்டுக்குப் போங்கள்’ என்பது மெய்யான செய்தியானால், அதைத் தெரிந்தும் சொல்லாதவன் குற்றவாளி. பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் சொல்லலாம். எல்லா மதத்தாருக்கும் சொல்ல வேண்டும். ஆனால் ‘அணை உடைந்துவிட்டது’ என்று எவரோ அனுப்பியதை அப்படியே கூவினால்? இருட்டில் முதியவர்களும் குழந்தைகளும் ஓடி விழுவார்கள். அடுத்த முறை மெய்யான எச்சரிக்கை வரும்போது எவரும் படுக்கையை விட்டு எழமாட்டார்கள். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு சிறு விசாரணைதான். சொன்னவர் கண்டவரா, கேட்டவரா? தாசில்தார் அலுவலகம் அறிவித்ததா, வானொலியில் வந்ததா?

அச்சத்தைப் பற்றியோ அமைதியைப் பற்றியோ செய்தி வந்ததும் பரப்பிவிடுவோரைத் திருமறையின் 4-ஆம் அத்தியாயம் 83-ஆம் வசனம் கண்டிக்கிறது. அதைப் பொறுப்புடையோரிடம் கொண்டு செல்லும்படி வழிகாட்டுகிறது. போரும் பகையும் சூழ்ந்த காலத்தில் இறங்கிய வசனம், வெள்ளத்துக்கும் அப்படியே பொருந்துகிறது.

வெள்ளமில்லாத நாட்களில் நாம் சறுக்குவது வேறோரிடத்தில். ‘இன்னார் கைது’, ‘இன்ன தெருப் பெண் மாயம்’ என்று செய்தி வரும். நிருபர் ‘கூறப்படுகிறது’ என்று ஒரு சொல்லைச் சேர்த்திருப்பார். டீக்கடையில் உரக்கப் படிப்பவர் அந்த ஒரு சொல்லை விழுங்கிவிடுவார். வீடு வந்து சேர்வதற்குள் அது தீர்ப்பாகிவிடும். அந்தக் குடும்பத்தில் பேசி வைத்த சம்பந்தம் நின்றுபோகும். பிறகு வழக்கு தள்ளுபடியானால் அதே எழுத்தில், அதே பக்கத்தில் யார் போடுகிறார்கள்?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது கட்டப்பட்ட அவதூறு மதீனாவில் ஏறத்தாழ ஒரு மாதம் உலவியது. கட்டியவன் நயவஞ்சகன், ஆனால் அதை வாங்கி அடுத்தவருக்குக் கொடுத்தவர்களில் நல்லவர்களும் இருந்தார்கள், தண்டிக்கப்பட்டார்கள். அன்று அச்சகம் இல்லை, அலைவரிசை இல்லை. நாவுகள் மட்டுமே.

‘பத்திரிகையில் வந்ததைத்தானே சொன்னேன், இது எப்படிப் புறமாகும்?’ என்று சகோதரிகள் சிலர் கேட்பதுண்டு. சகோதரர்கள் கேட்காமலே சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஒருவரிடம் உள்ள குறையைச் சொன்னால் புறம், இல்லாததைச் சொன்னால் அவதூறு என்று பெருமானார் (ஸல்) அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். அச்சில் வந்தது என்ற மூன்றாம் வகை அதில் இல்லை. மோசடிக்காரனிடம் பணம் கட்டப் போகிறவரைத் தடுக்கவும், சாட்சி சொல்லவும் பேசலாம் என்று மார்க்க அறிஞர்கள் அனுமதி தந்திருக்கிறார்கள். பொழுதுபோக்காகப் பேச அனுமதி தந்தவர் எவருமில்லை.

இந்த மாதம் வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். இரவுச் செய்தி முடிந்ததும் பெட்டியை நிறுத்திவிட்டு, ‘இதில் நிருபர் தாமே கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது?’ என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை நம்மைவிட விரைவாகப் பிரித்துச் சொல்லிவிடும்.